கொழும்பில் இருந்தபடியே மாபெரும் கருந்துளைகளைப் படிக்கத் தொடங்குவது எப்படி

2019 ஏப்ரல் 10ஆம் திகதி, மாலை ஆறரை மணி இருக்கும். காலி வீதியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டு போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். நடுவில் கறுப்பு, சுற்றிச் செம்மஞ்சள் வளையம். எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸியின்) மையத்தில், ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் கருந்துளையின் நிழல் அது. அதன் திணிவு 650 கோடி சூரியன்கள்.

அன்று தொடங்கி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களின் அப்பா அம்மாக்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இதைச் சரியாகப் படிக்க எங்கிருந்து தொடங்குவது? வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டோம், மனதில் ஒன்றும் நிற்கவில்லை என்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. ஒரு போன், ஒரு கல்குலேட்டர், ஒரு கொப்பி, சாதாரண தரக் கணிதம், வாரத்தில் மூன்று மணித்தியாலம் இருந்தால் காணும். ஒரேயொரு நிபந்தனை உண்டு. இதில் வரும் கணக்குகளை வாசித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள், கையால் போட்டுப் பாருங்கள். இந்தத் துறையின் பெரிய முடிவுகள் பலவற்றை நான்கு வரிக் கணக்கால் சரிபார்க்கலாம். அப்படிச் சரிபார்த்தது மறக்காது.

முதலில், மனதில் இருக்கும் படத்தைத் திருத்துங்கள்

புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இப்படி நினைக்கிறார்கள்: சூரியன் கோள்களைப் பிடித்து வைத்திருப்பதுபோல, மையத்தில் இருக்கும் கருந்துளைதான் பால்வீதி முழுவதையும் பிடித்து வைத்திருக்கிறது. இது பிழை. இதைத் திருத்தாமல் மேலே போனால் மற்றதெல்லாம் கோணலாகத்தான் விளங்கும்.

நமது பால்வீதியின் மையக் கருந்துளைக்கு சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்று பெயர். அதன் திணிவு ஏறத்தாழ 43 லட்சம் சூரியன்கள். பால்வீதியின் மொத்தத் திணிவோ, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளையும் சேர்த்தால், ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி சூரியன்கள். வகுத்துப் பாருங்கள், இரண்டு லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. நாளைக்கே அந்தக் கருந்துளை மாயமாக மறைந்தாலும் நமது சூரியன் மையத்தைச் சுற்றும் பாதையில் கண்டுபிடிக்கக்கூடிய மாற்றம் எதுவும் இருக்காது.

அடுத்து அளவு. ஒரு சூரியத் திணிவுள்ள கருந்துளையின் ஆரை, அதாவது உள்ளே போன ஒளிகூடத் திரும்பி வராத நிகழ்வெல்லை வரை, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் (இன்னும் சரியாக 2.95). குறுக்களவு 6 கிலோமீட்டர், கிட்டத்தட்ட கோட்டை ஸ்டேஷனில் ஏறி வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கும் தூரம். சூரியன் முழுவதையும் அதற்குள் அடக்க வேண்டும். திணிவு இரட்டித்தால் ஆரையும் இரட்டிக்கும். ஆகவே 43 லட்சத்தை 2.95ஆல் பெருக்குங்கள். ஒரு கோடி 27 லட்சம் கிலோமீட்டர் வரும். புதன் கோள் சூரியனுக்கு மிகக் கிட்ட வரும்போதே நாலரைக் கோடி கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. பால்வீதியின் நடுவில் உள்ள கருந்துளை புதனின் பாதைக்குள் இடம் மிச்சம் வைத்து அடங்கிவிடும்.

சரி, இவ்வளவு சின்னதும் இலேசானதுமான ஒன்று மண்டலத்தின் வரலாற்றையே மாற்றுகிறது என்று ஏன் சொல்கிறார்கள்? அந்தக் கேள்வியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதற்கு விடை தேடித்தான் இவ்வளவு வேலையும்.

வானத்தில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

போனில் ஸ்டெல்லேரியம் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். ஊரைக் கொழும்பு என்று வைத்துவிட்டு, விருச்சிகத்தையும் தனுசையும் தேடுங்கள். நட்சத்திரப் பெயர் தெரிந்த வீடுகளில் இது இன்னும் சுலபம். சிவப்பாக மின்னுவது கேட்டை. அதற்குக் கீழே வளைந்து போகும் தேள்வாலின் நுனி மூலம். அடுத்து வருவது பூராடம். மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடையில்தான் பால்வீதியின் மையம் இருக்கிறது. மூலம் என்ற பெயரை வைத்து, பழையவர்களுக்குக் கருந்துளை தெரிந்திருந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்குச் சான்று எதுவும் இல்லை. அங்கே ஏதோ இருக்கிறது என்பதற்கு முதல் அறிகுறி 1930களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி அந்தத் திசையிலிருந்து ரேடியோ இரைச்சலைப் பிடித்தபோது கிடைத்தது. மையத்தில் உள்ள அந்தச் சின்னஞ்சிறு ரேடியோப் புள்ளியைத் தனியாகப் பிரித்துக் கண்டது 1974இல், புரூஸ் பாலிக்கும் ராபர்ட் பிரவுனும்.

நாங்கள் இருக்கும் இடம் இதற்கு வாய்ப்பானது. கொழும்பு 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால், மையம் தெற்கு அடிவானத்திலிருந்து 54 பாகை உயரம் வரை ஏறுகிறது. கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் ஒரு முட்டி ஏறத்தாழ 10 பாகை. ஐந்தரை முட்டி எண்ணுங்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும்.

எப்போது பார்ப்பது? எல்லாப் புத்தகமும் ஜூன், ஜூலை என்று சொல்லும். கொழும்பில் அது தென்மேற்குப் பருவ மழைக்காலம், மேகம்தான் தெரியும். அதற்குப் பதிலாக மார்ச் மாதம் விடியப்புறம் நாலே முக்காலுக்கு எழும்புங்கள். மழை குறைந்த காலம், மையமும் தெற்கில் ஏறத்தாழ உச்சத்தில் நிற்கும். நகர வெளிச்சத்தில் பால்வீதியின் பட்டை தெரியாது, ஆனால் கேட்டையும் தேள்வாலும் தெரியும். பட்டையையே பார்க்க ஆசையென்றால், ஆகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகும்போது ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு நகர வெளிச்சத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்த் தெற்கே பாருங்கள். அந்த நேரத்தில் அங்கே வானம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும்.

எவ்வளவு இருட்டான இடத்துக்குப் போனாலும் மையம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. இடையில் தூசி. அங்கிருந்து புறப்படும் ஒரு லட்சம் கோடி ஒளித்துகள்களில் ஒன்றுதான் தூசியைத் தாண்டி வருகிறது. அகச்சிவப்பில் பார்த்தால் ஏறத்தாழ பத்தில் ஒன்று வந்துவிடும். அடுத்த படிக்கு இதுதான் அடிப்படை.

கருந்துளையை நீங்களே நிறுத்துப் பாருங்கள்

ரெயின்ஹார்ட் கென்சலின் குழு 1992 முதல் சிலியில், ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழு 1995 முதல் ஹவாயில், ஆண்டுக்கு ஆண்டு அகச்சிவப்பில் மையத்தைப் படம் எடுத்தன. நட்சத்திரங்கள் ஏதோ ஒன்றைச் சுற்றுவது தெரிந்தது. சுற்றப்படும் இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. 2020இல் இருவரும் ரோஜர் பென்ரோஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த நட்சத்திரங்களில் எஸ்2 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே எண்கள் போதும். ஒரு சுற்றுக்கு எடுக்கும் காலம் 16.05 ஆண்டுகள். அதன் நீள்வளையப் பாதையின் அரைப்பேரச்சு, அதாவது நீளமான பக்கத்தின் பாதி, வானத்தில் 0.125 விகலை. ஒரு பாகையை 3,600ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை. இந்தக் கோணம் எவ்வளவு சின்னது என்று உணர வேண்டுமானால், களுத்துறையில் ஒருவர் பிடித்திருக்கும் நாணயத்தைக் கொழும்பிலிருந்து பார்ப்பதாக நினையுங்கள். மையத்தின் தூரம் ஏறத்தாழ 8,277 பார்செக், அதாவது 27,000 ஒளியாண்டு. பார்செக் என்ற அலகின் வசதி என்னவென்றால், விகலையைப் பார்செக்கால் பெருக்கினால் விடை நேராக வானியல் அலகில் வரும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரமே ஒரு வானியல் அலகு. 0.125 பெருக்கல் 8,277, ஏறத்தாழ 1,035.

இப்போது கெப்லரின் மூன்றாம் விதி. தூரத்தை வானியல் அலகிலும் காலத்தை ஆண்டிலும் எடுத்தால், தூரத்தின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது திணிவு, சூரியனை அலகாகக் கொண்டு.

1,035இன் கனம் 110 கோடி 87 லட்சம். 16.05இன் வர்க்கம் 257.6. வகுத்தால் 43 லட்சத்து 4 ஆயிரம்.

எங்கள் மாடியில் உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். ஒரு சனிக்கிழமை இந்தக் கணக்கைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டாள். கல்குலேட்டரில் விடை வந்ததும் இரண்டாம் தரமும் அழுத்திப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “மாமா, 43 லட்சம் சூரியன் எண்டு சரி. அது ஏன் மங்கலான நட்சத்திரங்கள்ட கூட்டமா இருக்கக்கூடாது? கருந்துளைதான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

சரியான இடத்தில் வந்த கேள்வி. “எஸ்2 எவ்வளவு கிட்டப் போனதெண்டு தேடிப் பார், பிள்ளை” என்றேன். தேடினாள். 2018 மே மாதம் அது மையத்திலிருந்து 120 வானியல் அலகு தூரத்துக்குள் வந்து, எதிலும் முட்டாமல் திரும்பிப் போனது. அப்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7,600 கிலோமீட்டர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை ஒரு விநாடியில் 17 தடவை கடக்கும் வேகம். நெப்டியூனின் பாதை ஆரையைப்போல நாலே மடங்கு தூரத்துக்குள் 43 லட்சம் சூரியன்கள் அடங்க வேண்டும், ஒளியும் வரக்கூடாது. நட்சத்திரக் கூட்டம் என்றால் அவ்வளவு நெருக்கத்தில் நிலைத்து நிற்காது. அவள் கொப்பியில் “120” என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டாள்.

நீங்களும் இந்த இடத்தில் ஒரு நாள் தங்குங்கள். மேலே வேகமாகப் போக ஒன்றும் அவசரமில்லை.

நிறமாலை வாசிக்கப் பழகுங்கள்

நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பின்தொடர்வது நமது பால்வீதியில் மட்டும்தான் இப்படிச் சாத்தியம். தூர மண்டலங்களில் ஒளியைப் பிரித்துத்தான் விஷயத்தை எடுக்க வேண்டும். இந்தப் படியில்தான் பலர் சோர்ந்து விடுகிறார்கள். பிரித்த ஒளியின் வரைபடம்தான் நிறமாலை. அதில் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் மட்டும் ஒளி கூடி நிற்கும் இடத்தைக் கோடு என்கிறோம். இரண்டே விஷயம் விளங்கினால் போதும்: கோடு எங்கே நிற்கிறது, கோடு எவ்வளவு அகலம்.

எங்கே நிற்கிறது என்பதற்கு, பார்வைக்கு நட்சத்திரம்போலவே தெரியும் 3சி 273 என்ற பொருளை எடுங்கள். ஹைட்ரஜனின் ஒரு கோடு ஆய்வுகூடத்தில் 4,861 ஆங்ஸ்ட்ரோமில் (அலைநீளத்தை அளக்கும் அலகு) வரும். 3சி 273இல் அது ஏறத்தாழ 5,630இல் நின்றது. 1963இல் மார்ட்டன் ஷ்மித் இதைக் கண்டுபிடிக்கும் வரை அந்தக் கோடுகள் எதனுடையவை என்று யாருக்கும் விளங்கவில்லை. 5,630ஐ 4,861ஆல் வகுத்தால் 1.158. ஒன்றுக்கு மேல் உள்ள 0.158தான் செந்நகர்வு, அதாவது கோடு சிவப்புப் பக்கம் தள்ளிப்போன அளவு. அண்டம் விரிவதால், செந்நகர்வு கூடக்கூடத் தூரமும் கூடும். தூரம் 200 கோடி ஒளியாண்டுக்கு மேல். அவ்வளவு தூரத்திலிருந்தும் சின்னத் தொலைகாட்டிகளுக்கே எட்டும் வெளிச்சம். ஒரு மண்டலம் முழுவதன் நட்சத்திரங்களும் சேர்ந்து கொடுக்க முடியாத ஒளியை, அதன் மையத்தில் உள்ள சூரியக் குடும்பமளவு இடம் கொடுக்கிறது. குவாசர் என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான்: கருந்துளைக்குள் விழப்போகும் வாயு தட்டாக (திரள்தட்டு) சுழன்று, உராய்ந்து, சூடேறி ஒளிர்வது.

அகலத்துக்கு ஒரு பயிற்சி. சுழலும் வாயுவில் ஒரு பகுதி நம்மை நோக்கியும் மறுபகுதி விலகியும் ஓடுவதால் கோடு இரண்டு பக்கமும் அகலும். அகலம் கூடினால் வேகம் கூட. ஒரு கோட்டின் அகலம் 80 ஆங்ஸ்ட்ரோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80ஐ 4,861ஆல் வகுத்து, ஒளியின் வேகமான 3 லட்சத்தால் பெருக்குங்கள். விநாடிக்கு ஏறத்தாழ 4,900 கிலோமீட்டர். நட்சத்திரங்களின் சாதாரண ஓட்டத்தில் இந்த வேகம் வராது. இவ்வளவு அகலமான கோட்டைக் கண்டால் பக்கத்தில் பெரிய கருந்துளை ஒன்று வாயுவைச் சுழற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கார்ல் செய்ஃபர்ட் 1943இலேயே இப்படிப்பட்ட மண்டலங்களைப் பட்டியலிட்டார், காரணம் அப்போது தெரியாவிட்டாலும்.

பயிற்சிக்கு ஸ்லோன் டிஜிட்டல் வான் கணக்கெடுப்பின் ஸ்கைசர்வர் தளத்துக்குப் போங்கள். கணக்கு, கட்டணம் எதுவும் வேண்டாம். நியூ மெக்சிகோவில் உள்ள இரண்டரை மீட்டர் தொலைகாட்டி 2000ஆம் ஆண்டு முதல் சேர்த்த லட்சக்கணக்கான நிறமாலைகள் அங்கே திறந்து கிடக்கின்றன. நாளைக்கு ஐந்து என்று இரண்டு வாரம் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் ஒரு வரி: கோடு ஒல்லியா, அகலமா, செந்நகர்வு எவ்வளவு. எழுபது வரி சேர்ந்ததும் கண் தானாகப் பிரித்துக் காட்டும்.

மண்டலத்துக்கும் கருந்துளைக்கும் என்ன உறவு

முதல் பக்கத்துக் கேள்விக்கு வருவோம்.

2000ஆம் ஆண்டில் இரண்டு குழுக்கள் ஒரே முடிவை ஒரே நேரத்தில் வெளியிட்டன. லாரா ஃபெராரேசேயும் டேவிட் மெரிட்டும் ஒரு பக்கம், கார்ல் கெப்ஹார்ட்டும் உடன் வேலை செய்தவர்களும் மறுபக்கம். ஒரு மண்டலத்தின் நடுக் குமிழில், அதாவது நடுவில் உருண்டையாகப் பருத்த பகுதியில், நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாக ஓடித்திரிகின்றன என்று தெரிந்தால், மையத்தில் உள்ள கருந்துளையின் திணிவை ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். வேகம் கூடக்கூடத் திணிவு மிக வேகமாகக் கூடுகிறது, வேகத்தின் நாலாவது அல்லது ஐந்தாவது அடுக்குப்போல.

இதில் என்ன அதிசயம்? பத்துக் கோடி சூரியத் திணிவுள்ள கருந்துளையின் ஈர்ப்பு ஆட்சி செலுத்துவது ஏறத்தாழ 35 ஒளியாண்டு வரைதான். குமிழோ ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகள் அகலம். வெளியே ஓடும் நட்சத்திரங்களுக்குக் கருந்துளை இருப்பதே தெரியாது. ஆனாலும் இரண்டும் கணக்குப் பிசகாமல் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. ஈர்ப்பால் இல்லையென்றால் எதனால்?

பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் விடை: சக்தியால். இதையும் கணக்குப் போடலாம். கருந்துளைக்குள் விழும் பொருளின் திணிவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, உள்ளே போவதற்கு முன் சக்தியாக வெளியேறுகிறது. கருந்துளை குமிழின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எடுங்கள். வெளியேறும் சக்திக்குத் திணிவை ஒளி வேகத்தின் வர்க்கத்தாலும், குமிழைக் கட்டி வைக்கும் சக்திக்கு அதன் திணிவை நட்சத்திர வேகத்தின் வர்க்கத்தாலும் பெருக்க வேண்டும். குமிழில் நட்சத்திரங்களின் வேகம் விநாடிக்கு 200 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தை அதால் வகுத்தால் 1,500. வர்க்கம் 22 லட்சத்து 50 ஆயிரம். ஆயிரத்தால் வகுத்தால் 2,250. அதில் பத்தில் ஒன்று 225.

இந்த 225க்கு அர்த்தம் இதுதான். கருந்துளை தன் வாழ்நாளில் வளரும்போது வெளியேற்றிய சக்தி, குமிழ் முழுவதையும் கட்டி வைத்திருக்கும் சக்தியைப்போல 200 மடங்குக்கும் மேல். அதில் நூறில் ஒரு பங்கு வாயுவில் பிடித்தாலே, புது நட்சத்திரமாக வேண்டிய வாயு சூடாகி அல்லது வெளியே தள்ளப்பட்டுவிடும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. 1998இல் ஜோசப் சில்க்கும் மார்ட்டின் ரீஸும் முன்வைத்த வாதத்தின் சாரமும் இதை ஒட்டியதுதான்.

கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி வேண்டுமென்றால் பெர்சியஸ் என்ற விண்மீன் மண்டலக் கொத்தின் எக்ஸ் கதிர்ப் படத்தைத் தேடி எடுங்கள். எடுத்தது சந்திரா தொலைகாட்டி, 1999இல் விண்ணுக்குப் போனது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. படத்தின் நடுவில் சூடான வாயுவுக்குள் இரண்டு பள்ளங்கள் தெரியும். மையக் கருந்துளையிலிருந்து பாய்ந்த தாரைகள் வாயுவை ஒதுக்கி உண்டாக்கிய குமிழ்கள் அவை. அவற்றைச் சுற்றிக் குளத்தில் கல் போட்டதுபோல வளையங்கள். அவை ஒலி அலைகள் என்று 2003இல் அறிவித்தார்கள். ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு கூடினால் மோட்டார் ஓடும், குளிர்ந்ததும் நிற்கும். பெர்சியஸில் இது தலைகீழாக நடக்கிறது. வாயு குளிர்ந்தால் மையத்தை நோக்கி விழும், கருந்துளைக்குச் சாப்பாடு கிடைக்கும், தாரை பாயும், வாயு சூடாகும், விழுவது நிற்கும், கருந்துளை பட்டினி கிடக்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து. மிகப் பெரிய மண்டலங்கள் வாயு கைவசம் இருந்தும் ஏன் புது நட்சத்திரங்களை அதிகம் பெறுவதில்லை என்பதற்கு இன்று இருக்கும் நல்ல விளக்கம் இது. நமது பால்வீதியிலும் தட்டுக்கு மேலேயும் கீழேயும் ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு இரண்டு பெரிய குமிழ்கள் 2010இல் ஃபெர்மி தொலைகாட்டித் தரவில் கிடைத்தன. அவை கருந்துளையின் பழைய ஆர்ப்பாட்டமா, நட்சத்திரப் பிறப்பின் வேலையா என்பது இன்னும் விவாதத்தில்.

முடியாத கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஜே0313-1806 என்ற குவாசரில் 160 கோடி சூரியத் திணிவுள்ள கருந்துளை, பெருவெடிப்புக்கு வெறும் 67 கோடி ஆண்டுக்குப் பிறகே இருந்திருக்கிறது. முழு வேகத்தில் தின்றால் ஒரு கருந்துளை இரட்டிப்பாக ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஆண்டு வேண்டும். 100 சூரியத் திணிவில் தொடங்கிக் கல்குலேட்டரில் இரண்டால் பெருக்கிக்கொண்டே போங்கள். 24 தடவையில் 160 கோடியைத் தாண்டும். 24ஐ மூன்றரைக் கோடியால் பெருக்க 84 கோடி ஆண்டு. இருந்த காலமோ 67 கோடி. ஒன்று, விதை, அதாவது தொடக்கக் கருந்துளை, பெரிதாக இருந்திருக்க வேண்டும், அல்லது தின்னும் வேகம் நாம் நினைக்கும் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி 2022 முதல் இளம் அண்டத்தில் கண்டுவரும், வளரும் கருந்துளைகளாக இருக்கலாம் என்று கருதப்படும் சின்னச் சிவப்புப் புள்ளிகளைப் பற்றி இத்தனை கட்டுரைகள் வருவதும் இதனால்தான்.

சொற்களுக்குத் தனியாகச் சில பக்கங்கள்

இது சிறிய விஷயம்போலத் தெரியும், ஆனால் எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். நமது பாடநூலில் திணிவு என்று படித்ததைத் தமிழ்நாட்டுக் கட்டுரைகளில் நிறை என்று எழுதுவார்கள். நமக்கோ நிறை என்றால் பூமி இழுக்கும் விசை. பௌதிகம் அங்கே இயற்பியல். தொலைகாட்டி அங்கே தொலைநோக்கி. விண்மீன் மண்டலத்தைப் பேரடை, அண்டம் என்றும் எழுதுகிறார்கள். நிகழ்வெல்லை, திரள்தட்டு, தாரை, செந்நகர்வு எல்லாவற்றுக்கும் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதுங்கள். கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, அந்தச் சொற்கள் தேவைப்படும்.

உங்கள் கண்ணும் ஆய்வுக்கு உதவும்

ஸூனிவர்ஸ் தளத்தில் கேலக்ஸி ஸூ என்ற திட்டம் 2007 முதல் நடக்கிறது. மண்டலங்களின் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள்: சுருளா, உருண்டையா, இரண்டு மண்டலம் மோதுகிறதா? உங்கள் விடை மற்றவர்களின் விடைகளோடு சேர்ந்து ஆய்வுத் தரவாகிறது. ரேடியோ தாரை எந்த மண்டலத்திலிருந்து வருகிறது என்று பொருத்தச் சொல்லும் திட்டங்களும் அங்கே வந்துபோகும்.

திட்டம் தொடங்கிய அதே ஆண்டில் ஹன்னி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, ஐசி 2497 என்ற மண்டலத்துக்குப் பக்கத்தில் விளங்காத ஒரு நிறத்திட்டைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். ஆய்வாளர்களுக்கும் தெரியவில்லை. தொலைகாட்டிகளைத் திருப்பிப் பார்த்தபோது, அது ஒளிரும் ஒரு பெரிய வாயு முகில். ஒளியூட்டிய குவாசரைத் தேடினால் காணவில்லை. கடந்த 2 லட்சம் ஆண்டுகளுக்குள் அது மங்கிப்போயிருக்கிறது. அதன் பழைய வெளிச்சம் மட்டும் முகிலில் இன்னும் பட்டுக்கொண்டிருக்கிறது. கருந்துளை பட்டினி கிடக்கும் என்று மேலே சொன்னேனே, அப்படி ஒன்று அணைந்ததன் தடயம் இது. ஒருவர் கேட்காமல் கடந்து போயிருந்தால் எப்போது தெரிந்திருக்குமோ.

ஆகவே விளங்காததைக் கண்டால் கலந்துரையாடல் பகுதியில் கேளுங்கள்.

ஆய்வுக் கட்டுரை வாசிப்பது

ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் கட்டுரைகள் இலவசம். வானியலுக்குள் விண்மீன் மண்டலங்கள் என்ற பிரிவைத் திறந்து வாரத்துக்கு ஒரு கட்டுரை எடுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசிக்க வேண்டாம். முதலில் சுருக்கம், பிறகு படங்களும் அவற்றின் கீழ் உள்ள விளக்கமும், கடைசியில் முடிவுரை. ஒவ்வொரு வரைபடத்திலும் கிடையச்சில் என்ன, நிலையச்சில் என்ன என்று கொப்பியில் எழுதுங்கள். இதற்கே ஒரு மணித்தியாலம் போகும், பரவாயில்லை.

எச்சரிக்கை இரண்டு. செய்திகளில் வரும் வண்ணப் படங்களில் பெரும்பாலானவை ஓவியரின் கற்பனை, படத்தின் கீழ் சின்ன எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். இன்னொன்று, இரண்டு அளவுகள் சேர்ந்து கூடுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகாது. கருந்துளை மண்டலத்தைக் கட்டுப்படுத்துகிறதா, இரண்டும் ஒரே வாயுவைப் பங்குபோட்டு வளர்ந்தனவா என்று கட்டுரை எழுதியவர்களே கவனமாகப் பிரித்துச் சொல்வார்கள். செய்தித் தலைப்பு அந்தக் கவனத்தை விட்டுவிடும்.

கொழும்பில் எங்கே போகலாம்

கொழும்பு 7இல் கோள்மண்டலம் இருக்கிறது, 1965இல் கட்டியது. நட்சத்திரப் பெயர்களும் வானம் சுழலும் விதமும் பழகாதவர்கள் முதலில் அங்கே போய் வாருங்கள். பொது நூலகமும் அதே கொழும்பு 7இல்தான். தமிழ் நூல்களுக்கு வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம். மொரட்டுவைப் பக்கம் கட்டுபெத்தயில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில், ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த 45 சென்டிமீட்டர் தொலைகாட்டி இருக்கிறது. போகுமுன் அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இதையே வாழ்க்கைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு: உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகமும், பிறகு பல்கலைக்கழகத்தில் பௌதிகம். முதலாம் ஆண்டிலேயே பைத்தன் என்ற கணினி நிரல்மொழியைக் கற்கத் தொடங்குங்கள். வகுப்பில் சொல்லித் தரும் வரை காத்திருக்க வேண்டாம். மேற்படிப்பு என்றதும் எல்லோரும் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பார்க்கிறோம். புனே பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வானியலுக்கென்றே ஐயூகா என்ற ஆய்வு மையம் உண்டு. புனேக்கு வெளியே உள்ள மாபெரும் மீட்டரலை ரேடியோத் தொலைகாட்டியின் தரவும் 2023 ஜூனில் வந்த ஒரு பெரிய முடிவில் சேர்ந்தது. மாபெரும் கருந்துளைகள் இரண்டிரண்டாக ஒன்றையொன்று சுற்றுவதால் எழுவதாகக் கருதப்படும் ஈர்ப்பலைகளின் (வெளியையே நெளிக்கும் அலைகளின்) முணுமுணுப்புக்கு அது சான்று காட்டியது.

தொலைகாட்டி வாங்கலாமா என்று எப்போதும் கேட்பார்கள். முதல் ஆறு மாதம் வேண்டாம், இரட்டைக்குழல் ஒன்று போதும். அதன் பிறகு 6 அங்குல வாயுள்ள ஒன்றை எங்கேயாவது இரவல் கேட்டு, நகரத்தை விட்டு இருட்டான இடத்துக்குக் கொண்டுபோங்கள். நாள் சித்திரைப் புத்தாண்டு இரவாக இருக்கட்டும், பலருக்கு எப்படியும் லீவு. பதினொரு மணிபோலக் கன்னி ராசியில், உச்சியிலிருந்து ஐந்தரைப் பாகை வடக்கே திருப்புங்கள். தலைக்கு ஏறத்தாழ நேர் மேலே மங்கலான ஒரு வட்டத்திட்டுத் தெரியும். அதுதான் எம்87. கறுப்பு நடுவும் வளையமும் அந்தத் திட்டின் மையத்தில் இருக்கின்றன.